தம்பி குடும்பம் கீழே இருந்த பனிக்காலம்

படி கவனம், பிள்ளை. கடைசிப் படி கொஞ்சம் உயரம். லைற்றைப் போடுறன், இருங்கோ.

இதுதான் கீழ்வீடு. வாடகைக்குப் பேஸ்மென்ட் எண்டு சொல்லிப்போட்டுச் சிலபேர் இருட்டுக் கிடங்கைக் காட்டுவினம். இதுக்கு ரெண்டு யன்னல் இருக்கு. இப்ப ஸ்னோ மூடிக் கிடக்கு, சித்திரை வந்தா நல்ல வெளிச்சம். குசினி, குளிக்கிற அறை, போய்வாறதுக்குத் தனி வாசல். சுவருக்குப் போன வருசம்தான் பெயின்ற் அடிச்சது. அந்த மூலையைப் பாக்கிறியளோ? அது தேங்காய்ப்பால் சொதி பட்ட இடம். திருப்பித் திருப்பி அடிச்சும் மஞ்சள் மேலாலை வருது.

முந்தி ஆர் இருந்தவை எண்டோ? என்ரை தம்பி குடும்பம். ஓம், நீங்களும் கேள்விப்பட்டிருப்பியள். இந்த வின்னிப்பெக்கிலை தமிழ்ச்சனம் எவ்வளவு? கோயிலுக்கு ஒருக்காப் போனாலே உங்கடை காதிலை போட்டு விட்டிருப்பினம். அதை விடுங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நான் ஒரு பக்கமும் சாயிற ஆள் இல்லை. மற்றவையின்ரை விசயத்திலை தலையிடுற ஆளும் இல்லை. அந்தக் கதிரையிலை இருங்கோ. தேத்தண்ணி ஆறுறதுக்குள்ளை குடியுங்கோ.

தம்பியின்ரை பெயர் குகதாசன். வீட்டிலை தாசன். யாழ்ப்பாணத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை உப அதிபராய் இருந்தவன். பொடியள் கத்திக்கொண்டு விளையாடுற மைதானத்துக்குள்ளை அவன் நடந்து வந்தான் எண்டா ஒரு சத்தம் கேக்காது. அவ்வளவு மரியாதை. கையிலை பிரம்பு இருக்கும்தான். ஆனா கண்டபாட்டுக்கு அடிக்கிறவன் இல்லை. பிழை விட்டவைக்குத்தான்.

என்ரை மனிசன் செத்தாப்பிறகு இந்த வீட்டிலை நானும் ரீவியும்தான். அதுதான் தம்பியைக் கூப்பிட்டனான். ஒரு புரட்டாதி மாசம் வந்து இறங்கினவை. தாசன், மனிசி சுகிர்தா, மகள் நிவேதிகா, வீட்டிலை நிவேதா. பெட்டைக்கு அப்ப பத்து வயது. காரிலை வரேக்கை சுகிர்தா கண்ணாடியிலை முகத்தை வைச்சுக்கொண்டு, "மச்சாள், மரமெல்லாம் மஞ்சளாய் நிக்குது, என்ன வடிவு" எண்டாள். தாசன் முன்னுக்கு இருந்து, "எல்லாம் இலை கொட்டிச் சாகப்போற மரம்" எண்டான். அவன் அப்பிடித்தான். உள்ளதைச் சொல்லுவான்.

உப அதிபருக்கு இஞ்சை ஆர் வேலை குடுக்கிறது? பன்றி வெட்டுற தொழிற்சாலையிலைதான் கிடைச்சுது. வெள்ளிக்கிழமையிலை மீன், இறைச்சி, ஒரு மச்சமும் தொடாதவன், பிள்ளை. கொக்கியிலை தொங்கித் தொங்கிப் பன்றி வரும். இவன் ஒரே இடத்திலை நிண்டு ஒரே வெட்டு. காலமை போனா பின்னேரம் மட்டும் அதே வெட்டு. வீட்டை வந்து சோறு சாப்பிடேக்கையும் விரல் கத்தி பிடிச்ச மாதிரி மடங்கித்தான் நிக்கும். மேற்பார்வை பாக்கிறவன் மீசை முளைக்காத பொடியன். "ஏய்" எண்டுதான் இவனைக் கூப்பிடுவானாம். உப அதிபரை! அந்தக் கோவத்தை அவன் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?

சுகிர்தாவுக்கு ஊர் பிடிச்சுப் போட்டுது. அதுதான் பிழையே. இங்கிலீசு வகுப்பிலை சேந்தாள். எந்த பஸ் எங்கை போகுது எண்டு எனக்கே சொல்லித் தாறாள், இருபது வருசம் இருக்கிற எனக்கு! முதல் ஸ்னோ கொட்டின அண்டைக்குத் தாயும் மகளும் பின் வளவுக்குள்ளை நிண்டு வாயை அங்காந்து ஸ்னோவை நாக்கிலை பிடிக்கினம். தாசன் கீழை யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டவன். நான் மேலை யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். ரெண்டு பேரும் ஒரே ரத்தம்தானே, ஒண்டைத்தான் நினைச்சிருப்பம்.

இந்த வீட்டிலை ஒரு விசயம் சொல்லவேணும். சூட்டுக்காத்து வாற குழாய் மேலையும் கீழையும் ஒண்டுதான். கீழை கதைச்சா மேலை என்ரை கட்டிலடியிலை கேக்கும். நீங்கள் பயப்பிடாதேங்கோ, நான் ஒட்டுக் கேக்கிற ஆள் இல்லை. கேட்டாக் கேக்கும், அவ்வளவுதான்.

அப்பிடித்தான் அந்தச் சொதி விசயமும் கேட்டுது. சாப்பிடேக்கை தாசன் ஏதோ ஒரு இங்கிலீசுச் சொல் சொல்லியிருக்கிறான். பெட்டை, "அப்பா, அப்பிடி இல்லை, இப்பிடிச் சொல்லவேணும்" எண்டு திருத்தினாள். அவன் திருப்பிச் சொன்னான். அதுவும் பிழைச்சுப் போச்சு. சுகிர்தா சிரிச்சிட்டாள். சின்னச் சிரிப்புத்தான், எனக்கே கேட்டதும் கேளாததுமாய்த்தான் இருந்தது. ஆனா ஒரு மனிசன் முழுநாளும் "ஏய்" எண்டு கேட்டுப்போட்டு வாறான். வீட்டிலையும் சிரிப்போ?

அடுப்பிலை கொதிச்ச சொதிச் சட்டியைத் தூக்கி எறிஞ்சிட்டான்.

சுவரிலை பட்ட பாதிதான் உங்களுக்குத் தெரியிறது. மற்றப் பாதி அவளின்ரை கழுத்திலையும் தோளிலையும். நான் ஓடி வந்து பாக்கேக்கை தோல் பொங்கி வருது. பற்பசை பூசினனான். "மச்சாள், ஆஸ்பத்திரிக்குப் போவம்" எண்டு நடுங்கிறாள்.

"இஞ்சை ஆஸ்பத்திரி எண்டா பொலிஸ் வரும்" எண்டன். "பொலிஸ் வந்தா பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவங்கள். உமக்குப் பிள்ளை வேணுமோ, வேண்டாமோ?"

அடுத்த நாள் கழுத்தைச் சுத்திச் சால்வையைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போயிட்டாள். நீங்களே சொல்லுங்கோ பிள்ளை, அப்பிடி நோவெண்டா வகுப்புக்குப் போவாளோ?

நான் இவ்வளவும் சொல்லுறது, ரெண்டு பக்கமும் உங்களுக்கு விளங்கவேணும் எண்டுதான்.

மார்கழியிலை தாசன் வகுப்பை நிப்பாட்டச் சொன்னான். ஒருக்கால் இல்லை, பல தரம் சொன்னான். அவள் "ஓம்" எண்டுவாள், விடிய வெளிக்கிட்டுப் போவாள். ஒருநாள் பின்னேரம் அவளின்ரை பனிப் பூட்ஸை நிலத்திலை வைச்சு, தொழிற்சாலைக் கத்தியாலை வெட்டினான். கோவத்திலை கொத்தேல்லை, அமைதியாய் வெட்டினவன். அடி வேறை, தோல் வேறை. பன்றியிலை பழகின கைதானே, அவ்வளவு சுத்தமான வெட்டு. அவள் பறிக்கப் பாத்திருக்கிறாள். அவன் மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்பினான். டக் எண்டு ஒரு சத்தம். குழாய்க்குள்ளாலை எனக்குக் கேட்டுது. பெட்டை "அம்மா, அம்மா" எண்டு குளறுது.

நான் ரீவிச் சத்தத்தைக் கூட்டினனான். பிள்ளை பயந்திடுமே. கீழை ரீவிச் சத்தம் கேட்டா அதுக்கு யோசினை மாறும்தானே.

அடுத்த நாள் சுகிர்தா என்ன செய்தாள் தெரியுமோ? கையைச் சீலைத்துண்டாலை சுத்திக்கொண்டு, ஒரு பழைய சப்பாத்தைப் போட்டு, அதுக்கு மேலை பாண் வாற பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, ஸ்னோவுக்குள்ளை சரக் சரக் எண்டு நடந்து போனாள். ரோட்டாலை போற வெள்ளைக்காரர் பாக்கினம். எனக்குத்தான் வெக்கமாய்ப் போச்சு. என்ரை வீட்டிலை இருந்து ஒருத்தி இப்பிடிப் போனா எனக்குத்தானே குறை? அண்டைக்கே கடைக்குப் போய் ஒரு பூட்ஸ் வேண்டிக் குடுத்தனான். அதை ஒருத்தரும் கோயிலிலை சொல்ல மாட்டினம்.

தைப்பொங்கலும் கிட்டி வந்துது. நான் பல்லு டொக்டரிட்டைப் போயிட்டு பஸ்ஸிலை வாறன். பஸ் பாலத்தாலை திரும்பேக்கை பாக்கிறன், உறைஞ்ச ஆத்திலை சனம் சறுக்கி விளையாடுது. அதுக்குள்ளை ஒரு நாவல் நிற ஜக்கெற். நான் வேண்டிக் குடுத்த ஜக்கெற், எனக்குத் தெரியாதோ? சுகிர்தாதான். வகுப்புச் சனமெல்லாம் சுத்தி நிக்குது. ஒரு கறுத்த மனிசி, முக்காடு போட்ட ரெண்டு பெட்டையள், நரைச்ச தாடியோடை வாத்தியார். இவள் காலிலை சக்கரம் பூட்டினவள் மாதிரி வழுக்கிக்கொண்டு வாறாள், தடால் எண்டு விழுறாள், விழுந்துபோட்டுச் சிரிக்கிறாள். சத்தம் பஸ்ஸுக்குள்ளை கேக்கேல்லை. ஆனா வாய் முழுக்கத் திறந்திருந்தது. வாத்தியார் கை குடுத்துத் தூக்கிவிட்டார்.

என்ரை வீட்டிலை அவள் ஒருநாளும் அப்பிடிச் சிரிக்கேல்லை.

தாசனுக்குச் சொன்னனான். சொல்லாமல் விட ஏலுமோ? பிறகு வேறை ஆரும் கண் மூக்கு வைச்சுச் சொன்னா அவனுக்கு எவ்வளவு கேவலம்? "வாத்தியார் கையைப் பிடிச்சவர்" எண்டு மட்டும்தான் சொன்னனான். பிடிச்சவர்தானே. விழுந்ததாலை பிடிச்சவர் எண்டு சொல்ல அந்த நேரம் வாயிலை வரேல்லை.

"சரி அக்கா" எண்டான். அவ்வளவுதான்.

அடுத்த நாள் தைப்பொங்கல். மேலை என்ரை குசினியிலைதான் பொங்கினனான். எல்லாரும் வந்தவை. சுகிர்தா சீலை உடுத்து, தலைக்குக் குளிச்சு, ஈரம் காயாமல் வந்தாள். வெளியிலை அண்டைக்குச் சரியான குளிர். நீங்கள் இப்பதான் வந்தனீங்கள், உங்களுக்கு அந்தக் குளிர் தெரியாது. துப்பினா நிலத்திலை விழமுந்தி கட்டியாகும்.

மத்தியானம் தாண்டி எல்லாரும் மேசையிலை இருந்து சாப்பிடுறம். தாசன் கரண்டியை வைச்சிட்டு நல்ல அமைதியாய்க் கேட்டான்.

"சுகிர்தா, நீர் ஐஸிலை ஆடுவீராம். எங்களுக்கும் ஒருக்கா ஆடிக் காட்டும்."

அவள் என்னைத்தான் பாத்தாள். ஏன் என்னைப் பாக்கவேணும்?

"வகுப்பிலை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனவை" எண்டாள். "நிவேதாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு..."

சொல்லி முடிக்கேல்லை. தலைமயிரிலை பிடிச்சிட்டான். கதிரையோடை இழுத்தான். கதிரை விழுந்துது, அவள் விழுந்தாள், பொங்கல் நிலமெல்லாம். குசினிக்குப் பின்கதவு இருக்கு, அதைத் திறந்து அவளை வெளியிலை தள்ளிப்போட்டுப் பூட்டினான். காலிலை ஒண்டும் இல்லை. ஈரத் தலை. "ஆடு! வாத்தியாருக்கு ஆடினதை எங்களுக்கும் ஆடிக் காட்டு!" எண்டு கண்ணாடியிலை அடிச்சுக் கத்துறான்.

பெட்டை பாய்ஞ்சு போய்க் கதவைத் திறக்கப் பாத்துது. அவன் அறைஞ்சான். அது அவன்ரை கையைக் கடிச்சுது. திருப்பியும் அறைஞ்சான், வாயாலை ரத்தம் வந்துது. நான் ஓடிப்போய்ப் பெட்டையைப் பின்னாலை இழுத்து, ரெண்டு கையையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அது திமிறுது, உதைக்குது. நான் விடேல்லை. நான் மட்டும் பிடிக்காட்டி அவன் பிள்ளையை அடிச்சுச் சாக்காட்டியிருப்பான்.

கொஞ்ச நேரத்திலை முன்கதவு மணி அடிச்சுது.

அவள்தான். வீட்டைச் சுத்தி ஸ்னோவுக்குள்ளாலை நடந்து முன்பக்கம் வந்திட்டாள். நான் பெட்டையை இழுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனன். பெரிய கண்ணாடி யன்னலாலை தெரியிறாள். தலைமயிர் தடி தடியாய் உறைஞ்சு நிக்குது. உதடு நீலம். கையாலை கண்ணாடியிலை அடிக்கிறாள். "மச்சாள், திறவுங்கோ. மச்சாள், கால் எரியுது."

நான் கதவடிக்குப் போனனான், பிள்ளை. பூட்டிலை கையும் வைச்சனான். தாசன் குசினியிலை இருந்து, "அக்கா!" எண்டான். வேறை ஒண்டும் சொல்லேல்லை, "அக்கா" மட்டும்தான். நான் கையை எடுத்திட்டன். திறந்தா நான் ஒரு பக்கம் சாய்ஞ்ச மாதிரிப் போயிடும். புருசன் பெண்சாதிக்குள்ளை நடக்கிறதுக்கு நடுவிலை நான் ஆர்? அவன் எப்பிடியும் அஞ்சு நிமிசத்திலை திறந்திருப்பான். என்ரை தம்பியை எனக்குத் தெரியும்.

அவள் என்னைப் பாத்தாள். அழேல்லை. திரும்ப மணியை அடிக்கவும் இல்லை. குனிஞ்சு வாசல்லை கிடந்த இரும்புச் சவலை எடுத்தாள். ஸ்னோ அள்ளவும் ஐஸ் உடைக்கவும் நான் வைச்சிருந்தது. அதை ரெண்டு கையாலையும் ஓங்கி அந்தப் பெரிய கண்ணாடியிலை போட்டாள்.

இந்த வீடு வேண்டின நாளிலை இருந்து இருந்த கண்ணாடி!

உடைஞ்ச கண்ணாடிக்கு மேலாலை வெறுங்காலோடை ஏறி உள்ளுக்கு வாறாள். கால் வெட்டுது, ரத்தம் ஒழுகுது, அவளுக்கு அது தெரியேல்லை. விறைச்ச கால்தானே. சீலை கிழிஞ்சு தொங்குது. குளிர் அவளுக்குப் பின்னாலை உள்ளுக்கு வருது. தாசன் குசினியிலை இருந்து பாய்ஞ்சு வந்தான். "கையை வைக்கிறியோடி!" எண்டு கையை ஓங்கினான். அவள் அசையேல்லை. சவலை ஒருக்காத்தான் வீசினாள். காதுக்கு மேலை பட்டுது. சத்தம் பெரிசாய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது. அவன் முழங்காலிலை விழுந்தான். எழும்பப் பாத்தான். அவளின்ரை சீலைத் தலைப்பை எட்டிப் பிடிச்சான். அவள் திருப்பியும் அடிச்சாள். அதுக்குப் பிறகு அவன் எழும்பேல்லை.

என்னையும் அடிக்கப் போறாள் எண்டு நினைச்சனான். சவலைக் கீழை போட்டிட்டு, பெட்டையின்ரை கையிலை இருந்து என்ரை விரல்களை ஒவ்வொண்டாய்ப் பிரிச்சு எடுத்தாள். அவளின்ரை கை அப்பிடிக் குளிர், பிள்ளை, பிரேதத்தைத் தொட்ட மாதிரி.

"நிவேதா, சப்பாத்தைப் போடு" எண்டாள். "வெளியிலை குளிர்."

அவ்வளவுதான். பெட்டை சப்பாத்துப் போட்டுது, ஜக்கெற் போட்டுது. தாய் ஒண்டும் போடேல்லை. முன்கதவைத் தானே திறந்துகொண்டு ரெண்டு பேரும் போயிட்டினம். எதிர்வீட்டுப் பிலிப்பைன்ஸ் மனிசி போர்வையோடை ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனது. பொலிசுக்குப் போன் அடிச்சதும் அவதான். நான் இஞ்சை தம்பியின்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு, பொங்கலுக்கும் ரத்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவிலை இருக்கிறன். ஒருத்தரும் என்னை வந்து பாக்கேல்லை.

பிறகென்ன. வழக்கு எண்டு வந்துது. அவளிலை பிழை இல்லையாம், தன்னையும் பிள்ளையையும் காப்பாத்தத்தான் அடிச்சவளாம். பெட்டை எல்லாத்தையும் ஒண்டு விடாமல் சொல்லியிருக்கு, சொதியிலை இருந்து. சுகிர்தாவுக்கு வலக்காலிலை ரெண்டு விரலை எடுத்தவை. அதுக்காக எல்லாரும் ஐயோ எண்டினம். தாசனுக்கு மண்டைக்குள்ளை ரத்தம் கட்டி இடப்பக்கம் இழுத்துப்போட்டுது. கதை கொன்னுது. அவன்தான் குற்றவாளியாம். உடம்பு இருக்கிற நிலையாலை மறியலிலை அடைக்கேல்லை, ஆனா தாயிட்டையோ பிள்ளையிட்டையோ கிட்டப் போகக்கூடாது எண்டு தீர்ப்பு. பெத்த பிள்ளையை ஒரு தேப்பன் பாக்கக்கூடாதாம். இது என்ன நாடு?

அவள் இப்ப நகரத்தின்ரை அந்தப் பக்கம், ஒரு பேக்கரியிலை வேலை. கார் ஓடுறாளாம். போன கோடையிலை கடையிலை கண்டனான். காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறாள், ஆனா நிமிந்துதான் நடக்கிறாள். என்னைக் கண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிட்டாள். ஒரு மன்னிப்பு? ஒரு சொல்? கண்ணாடிக்காவது? பெட்டை மட்டும் நிண்டு பாத்துது. நல்லா வளந்திட்டுது.

"நிவேதா, மாமியைத் தெரியேல்லையோ?" எண்டன்.

"தெரியும்" எண்டாள். "நீங்கள்தான் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

பாத்தியளே? பிள்ளைக்கு நினைவிருக்கு! தாய் என்னதான் சொல்லிக் குடுத்தாலும், அந்த நேரம் தன்னைப் பிடிச்சு நிண்டது ஆர் எண்டு அதுக்குத் தெரியும். எனக்குக் கண் கலங்கிட்டுது. திருப்பி ஏதும் சொல்ல முந்தி ஓடிப்போய்த் தாயின்ரை கையைப் பிடிச்சிட்டுது.

அந்தச் சத்தமோ? அதொண்டும் இல்லை. தாசன்தான் மேலை. ஓம், என்னோடைதான் இருக்கிறான், வேறை எங்கை போறது? நித்திரையாலை எழும்பியிட்டான் போலை. தடியாலை நிலத்திலை இடிச்சா என்னைக் கூப்பிடுறான் எண்டு அர்த்தம். இடப்பக்கம்தானே ஏலாது, வலக்கை நல்லாத்தான் இருக்கு.

ஏன் என்ரை முகத்தையே பாக்கிறியள்? இதுவோ? கன்னத்திலை இருக்கிறதோ? முந்தாநாள் சோறு கொஞ்சம் குழைஞ்சு போச்சு. அவன் வேணுமெண்டு செய்யிறதில்லை, பிள்ளை. வருத்தக்காரன். நோவிலை கை வீசும். நான்தான் விலகியிருக்கவேணும். கையிலை இருக்கிறது பழசு. அதைப் பாக்காதேங்கோ.

எழும்பாதேங்கோ. இன்னும் குளியலறை காட்டேல்லை. வாடகையைப் பற்றி யோசிக்காதேங்கோ, நீங்கள் நினைச்சதைத் தாங்கோ. தராட்டியும் காரியமில்லை, பிறகு பாப்பம். உங்கடை மனிசர் எப்பிடி, நல்ல உயரமான ஆளோ? பின்னேரத்திலை வீட்டிலை நிப்பாரோ? நாளைக்கே சாமானைக் கொண்டு வாங்கோ. இண்டைக்கெண்டாலும் பறவாயில்லை.

கேக்குதே, திருப்பியும் இடிக்கிறான். இவ்வளவு நேரம் ஒருநாளும் நான் கீழை நிண்டதில்லை. தேத்தண்ணி நேரம் பிந்திப்போச்சு.

பிள்ளை, ஒரு உதவி. உங்கடை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குத்தானே? என்னோடை மேலை ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, சும்மா வந்து நிண்டாக் காணும். வெளி ஆள் நிண்டா அவன் நல்ல மரியாதையாய் இருப்பான்.

வாங்கோ. லைற் எரியட்டும்.

நீங்கள் முன்னாலை ஏறுங்கோ.